காயாத பசை

1. விற்கத் தெரியாத விற்பனையாளர்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, கடைக்குள் நின்ற ஒல்லியான ஒரு மனிதர் வாடிக்கையாளர் ஒருவரிடம், "இந்தச் சைக்கிளை வாங்காதையுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர் கோட்டும் டையும் போட்ட உயரமான ஆள். "ஏன்? நல்ல சைக்கிள் எண்டுதானே வெளியில எழுதிப் போட்டிருக்கிறியள்?" என்று கேட்டார்.

"சைக்கிள் நல்லதுதான். உங்கட காலுக்குக் கட்டை. ஆறு மாசத்தில முழங்கால் நோகும். பிறகு சைக்கிளைப் பிழை சொல்லுவியள்."

வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேசைக்குப் பின்னால் இருந்த முதலாளி றெஜ் தலையை நிமிர்த்தாமலே, "எமில், இந்தக் கிழமை இது மூண்டாவது ஆள்" என்றார்.

"அப்ப பொய் சொல்லட்டோ?"

"பொய் சொல்ல வேண்டாம். கொஞ்சம் குறைச்சுக் கதை. அது காணும்."

இவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். எமில் பேசியது பிரெஞ்சுக்காரரின் உடைந்த ஆங்கிலம். அதை அப்படியே எழுத எனக்கு வராது என்பதால் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

கடை மெல்பேணின் வடக்கே, பிறன்ஸ்விக்கில், ட்ராம் ஓடும் தெருவில் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. பெற்றோல் விலை ஏறியதால் கார் வைத்திருந்தவர்களும் சைக்கிள் தேடிக் கடைக்கு வந்த காலம். நான் ஊரில் காங்கேசன்துறைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பட்டறையில் ஏழு வருடம் ஃபிற்றராக இருந்தவன். இங்கே என் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். என் மனைவி யோகத்துக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரண்டு கிழமையில் வேலை கிடைத்தது. எனக்கு நான்கு மாதம் பிடித்தது. கிடைத்தது இந்தக் கடையின் பின்னறையில் சில்லுக் கட்டும் வேலை.

சில்லுக் கட்டுவது என்றால், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பையும் வெளி வளையமான ரிம்மையும் முப்பத்தாறு கம்பியால் இணைத்து, அசைவில்லாமல் நேராகச் சுழலச் செய்வது. எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. இரும்போடு வேலை செய்தவனுக்குக் கை பழக ஒரு கிழமை போதும். முதல் நாள் நான் கட்டிய சில்லை எமில் எடுத்து, தன்னுடைய சைக்கிளில் பூட்டி, தெருவை ஒருதரம் சுற்றிவிட்டு வந்தார்.

"பின்பக்கம் கதைக்குது" என்றார்.

அளவுக் கருவியை வைத்துப் பார்த்தேன். மயிரிழை அளவுக்குக்கூட விலகல் இல்லை. பிறகு ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று மட்டும் தளர்வாக இருந்தது தெரிந்தது.

அவருக்குச் சில்லுக் கட்டத் தெரியாது. கட்டிய சில்லில் என்ன குறை என்று தெரியும். எனக்கு அதன் மறுபக்கம். இப்படித்தான் நாங்கள் சேர்ந்தோம்.

2. தண்ணீர் காவியவர்

எமில் பிரான்சின் மேற்குக் கரையோரத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தொரு வயதில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓடத் தொடங்கினார். ஒன்பது வருடம் ஓடினார். யூலை மாதத்தில் அந்த நாட்டையே சுற்றிவரும் பெரிய ஓட்டத்தை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் முடித்தவர். ஒன்பது வருடத்தில் ஓர் ஓட்டத்திலும் முதலாவதாக வரவில்லை.

"உங்களால ஏலாமல் போச்சுதோ?" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்று அப்போது தோன்றவில்லை.

அவர் கோபிக்கவில்லை. "அது என்ர வேலை இல்லை" என்றார்.

பிறகு விளங்கப்படுத்தினார். ஒரு அணியில் ஒருவர்தான் வெல்ல வேண்டிய ஆள். மற்றவர்கள் அவருக்கு வேலை செய்பவர்கள். எமில் ஓட்டத்தின் நடுவே வேகத்தைக் குறைத்துப் பின்னால் வரும் அணிக் காரிடம் போவார். எட்டுத் தண்ணீர்ப் போத்தலை வாங்கிச் சட்டைக்குள் முன்னும் பின்னும் செருகுவார். அந்தப் பாரத்தோடு மறுபடி முன்னே ஏறிப் போய் ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். எதிர்க்காற்று அடித்தால் தலைவருக்கு முன்னால் போய்க் காற்றைத் தன்மேல் வாங்கிக்கொள்வார். தலைவரின் சில்லில் காற்றுப் போனால் தன் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தெருவோரத்தில் நிற்பார்.

"ஒருநாள் மலையில. மழை. சில்லைக் குடுத்துப்போட்டு ஒன்பது நிமிசம் நிண்டனான். எங்கட கார் பின்னுக்கு மாட்டுப்பட்டுப் போச்சு. அண்டைக்கு அவர்தான் வெண்டார். பேப்பரில முன்பக்கம் முழுக்கப் படம்."

"உங்களைப் பற்றி எழுதினவையோ?"

"இல்லை. ஆனா படத்தில நானும் இருக்கிறன்."

"எங்க?"

"முன்சில்லு என்ர."

சொல்லிவிட்டு என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த புட்டை இன்னொரு கரண்டி அள்ளினார். அதை அவர் மணல் என்று சொல்வார். சொல்லிக்கொண்டே முடித்துவிடுவார்.

அவர் மனைவி ஜோன் மெல்பேண்காரி, பள்ளிக்கூட ஆசிரியை. பிரான்சில் ஆங்கிலம் படிப்பிக்கப் போன இடத்தில் இவரைச் சந்தித்தவர். எமில் ஓட்டத்தை விட்டபின் இருவரும் இங்கே வந்துவிட்டார்கள். எமில் கிழமையில் ஐந்து நாள் கடையில் நின்றார். ஞாயிறுகளில் உள்ளூர் ஓட்டங்களில் ஓடினார். முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் ஏற்றத்தில் இருபத்தைந்து வயதுக்காரரை விட்டுவிட்டுப் போவார். கடைசி இருநூறு யார் தூரத்தில் அந்த இளவட்டங்கள் இவரைக் கடந்து போய்விடும்.

நான் இரண்டு வருடம் அந்தக் கடையில் வேலை செய்தபின் றெஜ் ஒரு முடிவு எடுத்தார். விக்டோரியா மாநிலத்துக்குள் ஐந்து நாள் நடக்கும் ஓட்டம் ஒன்றுக்குக் கடையின் பெயரில் நான்கு பேரை அனுப்புவது. வெல்ல வேண்டிய ஆள் கெவின் என்ற இருபத்திரண்டு வயதுக்காரன். அவனுக்கு வழிகாட்ட எமில். அணிக் காரை றெஜ் ஓட்டுவார். பின் இருக்கையில் மெக்கானிக்காக நான்.

"திரும்பவும் தண்ணி காவுறதோ?" என்று எமிலிடம் கேட்டேன்.

"அதில நான் கெட்டிக்காரன்" என்றார்.

3. நான்காம் நாள்

இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஓட்டச் சைக்கிளின் ரயர் வீட்டுச் சைக்கிளின் ரயர் மாதிரி இல்லை. ரியூபை உள்ளே வைத்துச் சுற்றித் தைத்திருப்பார்கள். இங்கே அதற்கு சிங்கிள் என்று பெயர். அதை ரிம்மில் பசை பூசி ஒட்ட வேண்டும். ரிம்முக்கு ஒரு பூச்சு, ரயருக்கு ஒரு பூச்சு. காய்ந்தபின் இன்னொரு தரம். பிறகு ஒட்டி, காற்றடித்து, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். மலையில் இறங்கும் மனிதனின் உயிரை அந்தப் பசைதான் பிடித்து வைத்திருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் கெவினுக்கு வயிற்றோட்டம். பாதித் தூரத்தில் இறங்கி, அன்றே சைக்கிளோடு வீட்டுக்குப் போய்விட்டான். நான்காம் நாள் காலை, சீமோர் நகரில் நாங்கள் தங்கிய மோட்டலின் முற்றத்தில் வைத்து றெஜ் எமிலிடம் சொன்னார்: "இண்டைக்கு நீ ஒருத்தருக்கும் வேலை செய்யத் தேவையில்லை. உன்ர ஓட்டத்தை ஓடு."

எமில் குனிந்தார். காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அதற்குக் கொஞ்சம் முன், ஆறு மணிக்கு, நான் காரின் கூரையில் இருந்த மேலதிகச் சில்லுகளைச் சரிபார்த்தேன். முன்சில்லு மூன்று. அதில் ஒன்றின் ரயர் பக்கவாட்டில் வெட்டுப்பட்டிருந்தது. முந்தின நாள் பின்னேரமே பார்த்திருக்க வேண்டும். கெவினின் கலவரத்தில் பார்க்கவில்லை. பழைய ரயரை உரித்துப் புதியதை எடுத்தேன். ஒரு பூச்சுத்தான் பூசினேன். அது பிசுபிசுவென்று இருக்கும்போதே ரயரை ஏற்றி, காற்றடித்து, கூரையில் கடைசி இடத்தில் பூட்டினேன். முதல் இரண்டும் இருக்கும்போது மூன்றாவது தேவைப்படாது என்பது என் கணக்கு. றெஜ்ஜிடம் நான் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

பெப்ரவரி மாதம், இங்கே கோடைகாலம். பத்து மணிக்கே தார் இளகத் தொடங்கிவிட்டது. முதல் இரண்டு மணித்தியாலத்தில் தெரு திருத்திய ஓர் இடத்தில் கல் பரப்பி விட்டிருந்தார்கள். எங்கள் மற்ற இரண்டு ஓட்டக்காரருக்கும் ஒருவர் பின் ஒருவராக முன்சில்லில் காற்றுப் போனது. நல்ல சில்லு இரண்டும் போய்விட்டன. கூரையில் அந்த மூன்றாவது மட்டும் இருந்தது.

கிங்லேக் மலை ஏற்றத்தில் எமில் முன்னே போனார். அவரோடு இரண்டு பேர் போனார்கள். பாதி ஏற்றத்தில் ஒருவர் பின்தங்கினார். உச்சிக்குக் கிட்டே போகும்போது எமிலும் ஓர் இளைஞனும் மட்டும். பின்னால் வந்த கூட்டம் ஒன்றரை நிமிடம் தள்ளி நின்றது. அங்கிருந்து முடிவுக்கோடு இருபது மைலும் இல்லை, பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில் எமிலைப் பிடிக்கக்கூடிய ஆள் அந்த ஓட்டத்தில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

றெஜ் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு ஓட்டினார். "ஒன்பது வருசம்" என்றார். "ஒன்பது வருசம் ஒண்டும் வெல்லாத மனிசன்."

உச்சியில் எமிலின் கை மேலே எழுந்தது. முன்சில்லில் காற்று இல்லை.

நான் காரிலிருந்து குதித்துக் கூரையில் இருந்த சில்லைக் கழற்றினேன். அதைக் கையில் பிடித்தபோது எந்தச் சில்லு என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேறு சில்லு இல்லை. அவர் சைக்கிளுக்கு மேல் நின்றபடி காத்திருந்தார். முகமெல்லாம் உப்புப் படிந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். "கெதியா, பாலா" என்றார்.

"வளைவில பார்த்துப் போங்கோ, ரயர் இண்டைக்குத்தான் ஒட்டினது." இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பிறகு பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மூன்று செக்கன். அந்த மூன்று செக்கனை நான் செலவழிக்கவில்லை. நேரம் இல்லை என்பது காரணம் அல்ல. சொன்னால் காலையில் செய்த பிழையை றெஜ்ஜின் காதுபட ஒத்துக்கொள்ள வேண்டும். நான் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டேன். அவர் போனார்.

காருக்குள் ஏறியதும் றெஜ், "பன்ரண்டு செக்கன். நல்லாச் செய்தாய்" என்றார்.

மூன்றாவது வளைவைத் திரும்பியபோது சைக்கிள் புல்லுக்குள் கிடந்தது. எமில் தெருவில் கிடந்தார். ஒரு கால் பிழையான பக்கம் திரும்பியிருந்தது. முன்சில்லின் ரயர் ரிம்மை விட்டு முழுவதும் கழன்று, ஃபோர்க்கில் தொங்கியது.

நான் முழந்தாளில் இருந்து அவர் தலையைப் பிடித்தேன். அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பிறகு என்னை அடையாளம் கண்டு, "நான் என்ன செய்தனான், பாலா? நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்டார்.

நான் தலையைத் திருப்பி, அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி றெஜ்ஜிடம் கத்தினேன்.

4. துடைத்த ரிம்

தோள் எலும்பும் இடுப்பு எலும்பும் முறிந்திருந்தன. அம்புலன்ஸ் போனபின் ஓட்ட அதிகாரி ஒருவர் வந்து றெஜ்ஜிடம் விசாரித்தார்.

"வெக்கை. பசை இளகியிருக்கும்" என்றார் றெஜ். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மற்றது, ஆளுக்கு முப்பத்தேழு வயசு. பயத்தில பிறேக்கை இறுக்கிப் பிடிச்சிருப்பார். ரிம் சூடாகினால் ரயர் நிக்காது."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அந்தச் சில்லைக் கடைக்குக் கொண்டுவந்து பின்னறையில் வைத்துப் பார்த்தேன். பசை ஒட்டவே இல்லை. பல இடத்தில் ரிம் வெறும் அலுமினியமாகப் பளபளத்தது. மிச்ச இடத்தில் விரலை வைத்தால் நூல் நூலாக இழுபட்டது. யார் பார்த்தாலும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். நான் துணியில் பெற்றோல் நனைத்து, ரிம்மைச் சுற்றிவர ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் துடைத்தேன். ஒட்டிய பிழையை அவசரத்தில் செய்தேன் என்று சொல்லலாம். இதை நிதானமாக இருந்து செய்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது எமில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் கொண்டுபோன திராட்சையைக் கவனிக்கவில்லை. ஒரு கையால் காற்றில் வளைவைக் கீறிக் காட்டினார்.

"இதில திரும்ப வேணும். நான் முன்னமே பிறேக் பிடிச்சிட்டன் போல கிடக்கு. பிடிச்சது ஞாபகம் இல்லை. ஆனா பிடிச்சிருக்க வேணும். இல்லாட்டி ஏன் விழுறன்?"

"சும்மா அதை யோசியாதையுங்கோ" என்றேன்.

"வெல்லப்போறன் எண்டு தெரிஞ்சவுடன பயந்திட்டன், பாலா. பழக்கம் இல்லைதானே."

அதைக் கேட்டபின்னும் நான் சொல்லவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் போனது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. இன்னொரு நான்கு மாதம் கதவு கதவாகத் தட்ட வேண்டிவரும். அதைவிட, நல்ல வேலைக்காரன் என்று இந்த ஊரில் எனக்கு இருந்த பெயர் இந்த ஒரு கடைக்குள்தான் இருந்தது. கறுத்த ஆள் கட்டின சில்லு என்று முதலில் முகம் சுளித்தவர்கள்கூட இப்போது பாலா கட்டிய சில்லு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை யோகம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "இஞ்சருங்கோ, எவ்வளவு நாளைக்கு இப்பிடிச் சாப்பாட்டைக் கிண்டிக்கொண்டு இருக்கப் போறியள்? என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ."

கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரிம்மைத் துடைத்ததையும் சொன்னேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அவருக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"அப்ப, ஏன் விழுந்தனான் எண்டு அவர் நினைச்சுக்கொண்டிருக்கிறார்?"

நான் எழும்பி வெங்காயத் தோலை அள்ளிக் குப்பைக்குள் போட்டேன்.

"நான் சொல்லுங்கோ எண்டும் சொல்ல மாட்டன், சொல்ல வேண்டாம் எண்டும் சொல்ல மாட்டன்" என்றாள். "வேலை போனா எனக்கும் பயம்தான். ஆனா நான் கேட்டதுக்கு நீங்கள் இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

5. கொட்டகைக்குள்

அடுத்த கிழமை ஜோன் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். எமிலின் சைக்கிள்களையும் சாமான்களையும் வந்து ஏற்றிக்கொண்டு போய் விற்றுவிடச் சொன்னார். றெஜ் சாமான் ஏற்றும் வான் வண்டியின் சாவியை என்னிடம் தந்தார்.

அவர்கள் வீடு கோபர்க்கில். பின்வளவில் தகரக் கொட்டகை. எமில் ஊன்றுகோலோடு நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சட்டகங்கள், சில்லுகள், பிரான்சில் இருந்து கொண்டுவந்த காலணிகள். கெவினுக்கு எது சரிவரும், எதை எறியலாம் என்று கடையில் பேசுவது போலவே பேசினார்.

ஜோன் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார். வாசலில் நின்று மெல்லிய குரலில், "டாக்டர் இடுப்புச் சுகமானதும் சைக்கிள் ஓடலாம் எண்டு சொல்லியிட்டார். இவர்தான் மாட்டனாம். நான் கார் ஓடேக்கையும் வளைவு வந்தால் இவர் கண்ணை மூடிக்கொள்ளுறார்" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

தேநீரை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு நான் சொன்னேன். "எமில், நீங்கள் பிறேக் பிடிக்கேல்லை. ரயர் கழண்டது. நான் அண்டைக்குக் காலமை ஒட்டினது. அது காயேல்லை."

அவர் கையில் இருந்த சில்லைச் சுவரில் சாத்தினார். பிறகு கேள்வி கேட்டார். பட்டறையில் ஒரு வேலையைப் பற்றிக் கேட்பது மாதிரித்தான் கேட்டார்.

"எத்தினை மணிக்கு?"

"ஆறு."

"எத்தினை பூச்சு?"

"ஒண்டு."

"சில்லை மாத்தேக்கை உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"ரிம்மை ஏன் ஒருத்தரும் பாக்கேல்லை?"

"நான் துடைச்சிட்டன்."

அவர் ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றினார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எலும்பு முறிஞ்சதைப் பற்றி நான் கதைக்கேல்லை" என்றார் கடைசியில். "விழுறது இந்த வேலையில இருக்கிறதுதான். மெக்கானிக்கும் மனிசன். ஆனா ரெண்டரை மாசம், பாலா. ரெண்டரை மாசம் நான் என்ர கையை நம்பாமல் இருந்தனான். என்னைக் கோழை எண்டு நினைச்சுக்கொண்டு படுத்துக் கிடந்தனான். நீ வந்து பக்கத்தில இருந்து பாத்துப்போட்டுப் போனனி."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"இப்ப போ" என்றார். "சாமானெல்லாம் இருக்கட்டும். நீ போ."

வெறும் வானோடு திரும்பினேன். நேரே றெஜ்ஜிடம் போய் அவருக்கும் சொன்னேன். அவர் மேசையில் இருந்த பேனையை மூடித் திறந்து, மூடித் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அதிகாரியிட்டச் சொன்னது உனக்குக் கேட்டதுதானே? அவற்ற வயசைப் பற்றி?"

"ஓம்."

"நீ தலையை ஆட்டினனி."

"ஓம்."

"வேலையை விட்டு நிப்பாட்ட மாட்டன். சில்லுக் கட்ட உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. ஆனா ஓட்டத்துக்கு இனி நீ வரவேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "அந்த அதிகாரிக்கு நான்தான் கடிதம் எழுதவேணும். என்ன எழுதுறது எண்டு யோசிக்கிறன்" என்றார். அன்று பின்னேரமே எழுதினார். தான் எமிலைப் பற்றிச் சொன்னது பிழை என்று முதல் வரியில் இருந்தது. எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போட்டார்.

6. மூன்று தரம்

குளிர் பிடிக்கும் மாரிகாலம் முழுக்க எமில் கடைப்பக்கம் வரவில்லை. ஓகஸ்ட் முடியும்போது ஒருநாள் ஊன்றுகோல் இல்லாமல் வந்தார். கொஞ்சம் சாய்ந்து நடந்தார். கையில் இரண்டு சில்லு. பின்னறைக்கு வந்து என் மேசையில் வைத்தார்.

"ரெண்டுக்கும் புது சிங்கிள் ஒட்டு."

"ஒரு நாள் காய வேணும்" என்றேன்.

"மூண்டு நாள் விடு."

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கிங்லேக் மலைக்குப் போனார். வழியில் அதிகம் பேசவில்லை. அந்த மூன்றாவது வளைவில் என்னை இறக்கி, "இதில நில்" என்று சொல்லிவிட்டு, காரை அங்கேயே விட்டுச் சைக்கிளில் மேலே போனார்.

புல்லில் பனி இருந்தது. முதல் தரம் அவர் வந்தபோது இரண்டு கையும் பிறேக்கில் இருந்தன. வளைவுக்கு முன்னாலேயே நின்றேவிட்டார். என்னைப் பார்க்காமல் திருப்பி ஏறிப் போனார். இரண்டாம் தரம் மெதுவாகத் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. மூன்றாம் தரம் சத்தம்தான் முதலில் வந்தது. காற்றைக் கிழிக்கும் சத்தம். நான் பின்வாங்கி மரத்தோடு நின்றேன். உடம்பைச் சைக்கிளோடு சேர்த்துச் சாய்த்து, உள் முழங்கால் தெருவைத் தொடுமாப்போல, ஒரு கோடு கீறியது மாதிரி அந்த வளைவைக் கடந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் உருட்டிக்கொண்டு நடந்து வந்தார். மூச்சு வாங்கியது. என் பக்கத்தில் கல்லில் இருந்தார்.

"முந்தி பிரான்சில ஓட்டத்தை நான் நிப்பாட்டேல்லை" என்றார். "ஒரு கடிதம் வந்தது. நாலு வரி. வாற வருசம் நீங்கள் தேவையில்லை எண்டு. அவை நிப்பாட்டினவை. பிறகு இந்த வளைவு நிப்பாட்டினது. இண்டைக்கு நான் நிப்பாட்டுறன்."

"இப்பிடி இறங்க ஏலும் எண்டால் ஏன் விடுறியள்?"

"ஏலும் எண்டு பாக்கத்தான் வந்தனான். பாத்தாச்சு. இடுப்பு வேகமா ஏறவிடாது. எனக்குத் தெரியும்." எழுந்து சைக்கிளைக் காரில் ஏற்றினார். அதற்குப் பிறகு அவர் ஓட்டம் ஓடவில்லை.

கடைக்குத் திரும்பி வந்து இன்னும் ஆறு வருடம் வேலை செய்தார். கெவினும் அவனுக்குப் பின் வந்தவர்களும் ஓட்டத்துக்குப் போகும்போது காரில் றெஜ்ஜுக்குப் பக்கத்தில் இருந்து போனவர் அவர்தான். நான் பின்னர் ட்ராம் பட்டறைக்குப் போனேன். அங்கே பிறேக் பகுதிக்குப் பொறுப்பாளனாக இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றேன். என் பகுதியில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பிழை விட்டவர் அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும். அன்றைக்கே சொன்னவரை நான் ஒருநாளும் ஏசியதில்லை. ஏன் இந்த வழக்கம் என்று கேட்டவர்களுக்கு எமிலின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் மறைக்கும் பிழை சும்மா கிடப்பதில்லை. அதன் பலனை அனுபவிப்பவர் தனக்கென்று ஒரு காரணத்தைத் தேடிக்கொள்வார். அநேகமாகத் தன்னையே காரணமாக்குவார். பசை காயாததுக்கு எனக்கு அவசரம் என்ற சாட்டு இருந்தது. அந்த இரண்டரை மாதத்துக்கு என்னிடம் ஒரு சாட்டும் இல்லை.

நாங்கள் பழையபடி சிநேகிதர் ஆனோம் என்று எழுத ஆசைதான். முழுக்க அப்படி இல்லை. புட்டுச் சாப்பிட்டார், பகிடி விட்டார், யோகத்துக்குப் பிள்ளை பிறந்தபோது ஜோனோடு பூக்கொத்தும் கொண்டு வந்தார். ஆனால் அந்த ஆறு வருடமும், நான் ஒட்டிய ஒவ்வொரு ரயரையும், வாடிக்கையாளருக்குக் கொடுக்குமுன், இரண்டு பெருவிரலாலும் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளிப் பார்ப்பார். சுற்றிவர, ஓர் இடமும் விடாமல். எனக்கு முன்னாலேயே செய்வார். நான் வேலையை நிறுத்திவிட்டு, அவர் முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன்.